மூடியின் உள்பக்கம்

பால் பண்ணையில் பாலை மோந்து பார்ப்பவன் பாலை மோந்து பார்ப்பதில்லை. கேனைத் திறந்து, மூடியைக் கவிழ்த்து, அதன் உள்பக்கத்தைத்தான் மூக்கருகே கொண்டுபோவான். கிராமத்திலிருந்து கேன் வந்து சேருவதற்குள் பாலின் ஆவியெல்லாம் அங்கேதான் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். பால் புளித்திருந்தாலும், கேனைச் சரியாகக் கழுவாமல் ஊற்றியிருந்தாலும் மூடி சொல்லிவிடும். ஒரு மூடிக்கு ஒரு மூச்சு, அதற்கு மேல் நேரம் கிடையாது. ‘சரி’ என்றால் கேன் உள்ளே உருளும். ‘ஒதுக்கு’ என்றால் ஓரமாகப் போகும்.

பூந்தமல்லிக்கு மேற்கே டிரங்க் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு தனியார் பால் பண்ணையில் மனோகரன் பதினோரு வருடமாக மூடி பார்த்துவந்தான். காலையில் இருநூறு கேன், சாயங்காலம் நூற்றைம்பது. அவன் ‘ஒதுக்கு’ என்றால் பால்காரர்கள் சண்டைக்கு வருவார்களே தவிர, பொய் சொல்கிறான் என்று ஒருவரும் சொன்னதில்லை.

1989ஆம் வருடம் ஆடி பிறந்தபோது அவனுக்கு எந்த மணமும் தெரியாமல் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் வலது மூக்கு அடைத்தது. ஜலதோஷம் என்று விட்டுவிட்டான். பிறகு இடதும் அடைத்தது. வாயாலேயே மூச்சுவிட்டு நாக்கு வறண்டது. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று. சாம்பார் ஊற்றினாலும் ரசம் ஊற்றினாலும் ஒன்றுபோலவே சாப்பிட்டான். ஒருநாள் காலையில் மூடியைக் கவிழ்த்து மூச்சை இழுத்தபோது அதில் ஒன்றுமே இல்லை.

பதறிப்போனான். ஆனால் முகத்தில் காட்டவில்லை. கேன் இறக்கும் மேடையின் ஓரத்தில் பூங்காவனம் என்ற பெண் காலிக் கேன்களைக் கழுவிக்கொண்டிருப்பாள். அவளுடைய மூக்கு பொல்லாத மூக்கு. நாலடி தள்ளி நின்றாலும் கெட்ட பால் அவளுக்கு எட்டிவிடும், உடனே மூக்கின் ஒரு பக்கம் சுருங்கும். மனோகரன் மூடியை மோந்துவிட்டு, பெரிய யோசனையில் இருப்பவன்போலத் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்ப்பான். மூக்கு சுருங்கினால் ‘ஒதுக்கு’. சும்மா இருந்தால் ‘சரி’. ஐந்து மாதம் இப்படியே ஓடியது.

பூங்காவனத்துக்கு ஜலதோஷம் பிடித்த அன்று மாட்டிக்கொண்டான்.

யாரோ ஒருவர் ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கிவந்த கேனிலேயே பாலை ஊற்றி அனுப்பிவிட்டார். மனோகரன் ‘சரி’ என்றான். அந்த ஒரு கேன் தொட்டியில் கலந்து, பாக்கெட்டாகி, அம்பத்தூர் கள்ளிக்குப்பம் வரைக்கும் போய், வீட்டுக்கு வீடு காப்பியில் ஏறி, அப்படியே திரும்பி வந்தது. ‘பால் போட்டியா, பம்ப் ஸ்டவ்வப் போட்டியா?’ என்று ஒரு அம்மாள் பாக்கெட்டைப் பையனின் சைக்கிள் மேலேயே வீசியடித்தாளாம்.

மேடைக்குப் பொறுப்பாளர் அப்பாவு எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

“இன்னா மனோகரு, மண்ணெண்ணகூடவா தெரியல? தெருக்கோடில கீறவனுக்குத் தெரியுது, மூக்குல மூடிய வெச்சிகினு கீற உனக்குத் தெரியலியா?”

“சளி, சார்.”

“எத்தினி நாளா?”

மனோகரன் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் முந்திக்கொண்டாள். “அவர ஏன் சார் கேக்குறே? அஞ்சு மாசமா மோந்துகினு இருந்தது நானு. அவரு என் மூஞ்சப் பாத்துதான் சொல்லிகினு இருந்தாரு. நேத்திக்கி எனக்கே சளி.”

மேடையே சிரித்தது. அப்பாவுவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் மனோகரனைத் தனியே அழைத்துப்போனார்.

“தீவாளி வரைக்கும் டைம் தரேன். ரிஜிஸ்தர் எழுதிகினு இரு. மூக்கு வந்துச்சுன்னா உன் எடம் உனக்கு. வரலேன்னா வேற ஆளப் போட்டுட்டு உன்ன ஐஸ் ரூமுக்கு அனுப்பிடுவேன். அங்க மூக்கு வாணாம்.”

ஐஸ் ரூமில் மூக்கு வேண்டாம்தான். ஆனால் மூச்சு வேண்டும். கொஞ்சம் குளிர்ந்த காற்று பட்டாலே மனோகரனுக்கு நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிடும். அந்த அறையில் எட்டு மணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும்.

கரையான்சாவடியில் கடைவரிசைக்குப் பின்னால் அவன் வீடு. மனைவி வனஜா அன்று ராத்திரி டார்ச்சை அடித்து மூக்குக்குள் பார்த்தாள்.

“உள்ள இன்னாவோ கீதுங்க. வெள்ளையா, நுங்கு கணக்கா தொங்குது.”

அடுப்படியில் இருந்த சுசீலாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. சுசீலா மனோகரனின் அண்ணி. அவள் புருஷன் பால்ராஜுக்கும் இப்படித்தான் இருந்தது. மூக்கில் சதை என்றார்கள், கூடவே மூச்சு இழுப்பு. ஐந்து வருடத்துக்கு முன் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே இழுப்பு கண்டு, திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆட்டோ பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் போய்விட்டான். அதிலிருந்து அந்த வீட்டில் ஆபரேஷன் என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது மட்டும் சுசீலா ஒரு வார்த்தை சொல்வாள். சத்தமாகவும் சொல்லமாட்டாள், மறைத்தும் சொல்லமாட்டாள்: “அந்தக் கத்திக்காரன் கை வெளங்காம போவட்டும்.”

“தம்பி,” என்றாள் இப்போது. “ஒரு ஆள கத்திக்குக் குடுத்தது போதும். இன்னொரு வாட்டி அந்தப் பேச்சு வந்துச்சுன்னா நான் இந்த ஊட்ல இருக்க மாட்டேன்.”

ஆகவே மனோகரன் கத்தி இல்லாத வழியைத் தேடிப்போனான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரெல்லாம் எழுதியிருந்தது: மூலம், பவுத்திரம், மூக்கில் சதை; கத்தியின்றி, ரத்தமின்றி. அங்கே உட்கார்ந்திருந்த ஆள் ஒரு குழலை வைத்து ஏதோ பொடியை ஊதினான். கண்ணிலிருந்து உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. மனோகரன் தும்மினான், ரத்தம் கொட்டியது. அந்த ஆள் துணியால் துடைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினான். அதில் வெள்ளையாக ஒரு துண்டு.

“வந்துட்ச்சு பார், சதை. காயிதத்துல மடிச்சித் தரேன், ஊட்ல காட்டு.”

வனஜா பிரித்துப் பார்த்தாள். விரலால் இழுத்தும் பார்த்தாள்.

“இது கோழித் தோலுங்க.”

“சும்மா இரு.”

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான்தான உரிக்கிறேன்? எனக்குத் தெரியாதா?”

அடுத்த புதன்கிழமை, அண்ணிக்குச் சொல்லாமல், வனஜா அவனை அம்பத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர் ஒருவர் வாரத்துக்கு ஒருநாள் சாயங்காலம் அங்கே வருவார். பார்வதம் என்று பெயர். நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு பார்த்த டாக்டர், மெல்லிய கம்பியொன்றை உள்ளே விட்டுத் தொட்டார்.

“வலிக்குதா?”

“இல்லீங்க.”

“சதையா இருந்தா வலிக்கும். இது சதை இல்ல.” வனஜாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“நான் நுங்குன்னு சொன்னேன் டாக்டரம்மா.”

“சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. கன்னத்துக்குள்ள, ரெண்டு கண்ணுக்கு நடுவுல, எல்லாருக்கும் சின்னச் சின்னக் காத்தறை இருக்கு. அதோட உள்தோல் ரொம்ப நாளா வீங்கி, நீர் கோத்து, கனம் தாங்காம மூக்குக்குள்ள எறங்கித் தொங்குது. இது புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. வாசனை நரம்பு மேல கூரையில இருக்கு. வழிய அடைச்சிக்கிட்டா காத்து அங்க எப்படிப் போகும்?”

“நரம்பு செத்துப்போயிருக்குமா?” அதுதான் ஐந்து மாதமாக அவன் மனதில் இருந்த கேள்வி.

“அத இப்பவே பாத்துடலாம். எட்டு நாளைக்கு ஒரு மாத்திரை தரேன். வீக்கம் கொஞ்சம் வடியும். ஒருநாள், ஒரு மணி நேரம் வாசனை வந்தாக்கூடப் போதும், நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஆனா நல்லா இருக்கேன்னு நீங்களா கடையில வாங்கி முழுங்கிக்கிட்டே இருக்கக் கூடாது. அது உடம்பைக் கெடுத்துடும்.” எழுதிக்கொண்டே கேட்டார்: “இழுப்பு உண்டா?”

“குளிர்ல கொஞ்சம்.”

“தலைவலி மாத்திரை எதாவது போட்டா அதிகமாகுதா?”

“நான் மாத்திரையே போடறதில்லீங்க.”

“வீட்ல வேற யாருக்காவது இது மாதிரி?”

“அண்ணனுக்கு இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. அதுல போயிட்டாரு.”

“ஆபரேஷன் அப்பவா?”

“இல்லீங்க. மூணாம் நாளு, ஊட்டுக்கு வந்தப்புறம்.”

பேனா நின்றது. “அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு மெதுவா சொல்லுங்க.”

மனோகரன் சொன்னான். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய கதைதான். மத்தியானம் வந்து இறங்கினார். ரசஞ்சாதம் சாப்பிட்டார். நல்லாத்தான் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் இழுப்பு வந்தது.

“நடுவுல?”

“நடுவுல ஒண்ணுமில்லீங்க. தலவலின்னாரு. நாகம்மா கடையில ரெண்டு மாத்திரை வாங்கியாந்து குடுத்தேன். டீயோட.”

“அதுக்கப்புறம் எவ்வளவு நேரம்?”

“டீ கிளாசக்கூடக் கழுவி வெக்கல...” என்று ஆரம்பித்தவன் வனஜாவைத் திரும்பிப் பார்த்தான்.

ஐந்து வருடமாக அந்தக் கதையில் மாத்திரைக்கு இடமே இருந்ததில்லை. போர்வை போர்த்திவிட்டதைப்போல, கால் பிடித்துவிட்டதைப்போல, அண்ணனுக்குச் செய்த பணிவிடைகளில் அதுவும் ஒன்றாக இருந்தது.

“மூக்குல இதுவும் இருந்து, கூடவே இழுப்பும் இருக்கிறவங்கள்ல சில பேருக்கு அந்த மாத்திரை ஆகாது,” என்றார் டாக்டர். “எல்லாருக்கும் இல்ல, கொஞ்சம் பேருக்கு. அரை மணி, ஒரு மணிக்குள்ள மூச்சு அடைச்சிடும். உங்க அண்ணனுக்கு நடந்தது இதுதான்னு நான் இங்க உக்காந்துகிட்டு சத்தியம் பண்ண முடியாது. கத்தியா மாத்திரையான்னு கேட்டா மாத்திரைன்னுதான் சொல்லுவேன்.”

“அப்ப நான்தான்...”

“நீங்க தலைவலிக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தீங்க. ஊரே செய்யறதுதான். வீட்டுக்கு அனுப்பும்போது யாராவது ஒருத்தர் உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கணும், சொல்லல.” ஒரு சீட்டில் மாத்திரையின் பெயரைப் பெரிய எழுத்தில், தமிழில் எழுதிக் கொடுத்தார். “நீங்களும் இதத் தொடாதீங்க.”

பஸ்ஸில் வனஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஆறாம் நாள், ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டிருக்கும்போது பேனா மையின் மணம் வந்தது. அதைத் தொடர்ந்து பினாயில், ஈரச் சாக்கு, பக்கத்தில் நின்றவனின் பீடி. மனோகரன் பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் இருந்தது. மாத்திரை தீர்ந்ததும் கதவைச் சாத்தியதுபோல் எல்லாம் மறுபடி போய்விட்டது.

“நரம்பு நல்லா இருக்கு,” என்றார் டாக்டர். “அடைப்ப எடுத்துடலாம். நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வெளியூரில் வேலை என்று பொய் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று வனஜா சொன்னாள். மனோகரனுக்கு மனம் வரவில்லை. அண்ணி ஒரு தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனால் அந்த வீட்டில் நிற்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் திரியைத் திருத்திவிட்டு, அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாள்.

“அண்ணி, வாணாம். அந்த டாக்டரத் திட்டாதீங்க.”

அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். தலைவலி, நாகம்மா கடை, இரண்டு மாத்திரை, டீ. டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். சுசீலா கையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எத்தினி குடுத்தே?”

“ரெண்டு.”

விளக்கை ஏற்றினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வனஜா வைத்த சோறு தொட்டது பாதி, தொடாதது பாதியாகத் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலையில் தலையை அள்ளி முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

“அந்தச் சீட்டக் குடு.”

வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். என்ன செய்யப்போகிறாளோ என்று மனோகரன் பின்னாலேயே ஓடினான். நாகம்மாவின் பெட்டிக்கடை முன்னால் நின்று, சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“நாகம்மா, இந்த மாத்திரைய யாராச்சும் கேட்டா, இழுப்பு கீதான்னு கேட்டுட்டுக் குடு. கீதுன்னு சொன்னா குடுக்காத.”

“இன்னா சுசீலா, நான் இன்னா டாக்டரா? பீடி கேட்டா இருமல் கீதான்னு கேக்கணுமா?”

“அதையும் கேளு, தப்பில்ல. கேக்காம குடுத்தேன்னு தெரிஞ்சுது, உன் கட முன்னால வந்து குந்திக்குவேன். ஒரு யாவாரம் நடக்காது.”

நாகம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். சீட்டை வாங்கி, மிட்டாய் பாட்டில் மேல் ஒட்டவைத்தாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் சுசீலா நின்றாள்.

“அன்னிக்கி டீ போட்டது நானு. போய் மாத்திர வாங்கியான்னு உன்ன அனுப்பிச்சதும் நான்தான். உனக்கு அது ஞாபகம் இல்ல, எனக்கு கீது. நீ மட்டும் தூக்கிகினு திரியாத, தம்பி.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அஞ்சு வருசம் அந்த மனுசனத் திட்டிட்டேன். எங்க கீறாரோ, இன்னும் எத்தினி பேருக்கு வைத்தியம் பாக்குறாரோ. நல்லா இருக்கட்டும்.” கொஞ்ச தூரம் நடந்தபின், “ஆபரேசன் என்னிக்கி?” என்றாள்.

ஆபரேஷனுக்கு மூவருமாகப் போனார்கள். மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சுத் திரிகளை மூக்குக்குள் அடைத்து, அரை மணி கழித்து நாற்காலியில் உட்காரவைத்தே செய்தார்கள். மெல்லிய கம்பிச் சுருக்கை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக அதன் காம்பில் மாட்டி, இறுக்கி இழுத்தார்கள். வலி இல்லை; மண்டைக்குள் யாரோ எதையோ கழற்றுவதுபோன்ற சத்தம் மட்டும் கேட்டது. எவர்சில்வர் தட்டில் வழவழவென்று ஏழு விழுந்தன. டாக்டர் அதை எட்டிப் பார்க்கச் சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. கோழித் தோலுக்கும் இதற்கும் துளிகூடச் சம்பந்தமில்லை.

வார்டில் சுசீலா கட்டிலை விட்டு நகரவில்லை. நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தபோதெல்லாம் பெயரைக் கேட்டாள், அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், சீட்டில் படித்து மனதில் வைத்திருந்த பெயரோடு ஒப்பிட்டாள்.

“ஏம்மா, நீ என்ன டாக்டரா?” என்றாள் நர்ஸ்.

“இல்ல. அண்ணி.”

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பார்வதம் ஒளிக்காமல் சொன்னார். “இது மறுபடி வரலாம். எடுத்துட்டோம், முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. இந்த மருந்த தினமும் மூக்குல அடிக்கணும், நல்லா இருந்தாலும் அடிக்கணும். ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி காட்டணும். வாசனை வர நாளாகும், பொறுமையா இருங்க.”

மூச்சு அன்றே வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு தூங்குகிறானா என்று வனஜா ராத்திரி நடுவில் எழுந்து எழுந்து பார்த்தாள். ஆனால் மணம் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, மூன்று வாரம் போயிற்று. கடைவரிசையில் பட்டாசுப் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. காலையில் வனஜா காப்பித் தூளைக் கொண்டுவந்து மூக்கருகே நீட்டுவாள்; இவன் தலையை ஆட்டுவான்; அவள் டப்பாவை மூடுவாள்.

ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகும் பஸ்ஸில் முன்பக்கம் ஒரே கூச்சல். கருவாட்டுக் கூடையோடு ஒருத்தி ஏறியிருந்தாள். கண்டக்டர் இறங்கு என்கிறார், பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறார்கள், அவளோ டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று அசையவில்லை. பின்னால் நின்றிருந்த மனோகரன் திடீரென்று கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னேறி அவள் கூடைமேல் குனிந்தான்.

“இன்னாய்யா மோந்துகினு கீற? வாங்கப் போறியா?”

“வஞ்சிரமா?”

“நெத்திலிய்யா! உன் மூக்குல கொள்ளி வெக்க.”

“வெச்சாங்க, வெச்சாங்க. அதான் தெரியுது,” என்றான். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கருவாடு நெடி தாங்காமல் அழுகிறான் என்று கண்டக்டர் அவளை மறுபடி திட்டினார்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அப்பாவு சோதனை வைத்தார். பூங்காவனத்தைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். ஆறு கேன்களை வரிசையாக வைத்தார். எது என்னவென்று அவருக்கு மட்டுமே தெரியும். மனோகரன் முதல் நாலை ‘சரி’ என்றான். ஐந்தாவதில் கொஞ்சம் நின்றான். “புளிப்பு ஏறப்போவுது, சார். இன்னும் ஏறல.”

அப்பாவு ஆறாவதைக் காட்டினார்.

“இதுல ஒண்ணும் தெரியல.”

“ஒண்ணுமில்லடா, அது வெறுந் தண்ணி,” என்றார் அப்பாவு. “நாளைலேர்ந்து மேடைக்கு வந்துடு.”

மறுநாள் காலை முதல் வண்டியில் வந்தவை குத்தம்பாக்கத்துக் கேன்கள். மதுரைவீரன் என்ற பால்காரர் தன் நாலு கேனையும் உருட்டிவைத்துவிட்டு, அடையாளச் சீட்டுக்குக் கையை நீட்டியபடி நின்றார். மனோகரன் மூன்றாவது மூடியைக் கவிழ்த்தான்.

“ஒதுக்கு.”

“இன்னா மனோகரு, வந்தவொடனே வேலையக் காட்றியா? மூக்கு இல்லாம ஏழெட்டு மாசம் நல்லாத்தான இருந்தே!”

“மாடு இன்னா மேஞ்சிது?”

“இன்னா மேயும்? புல்லுதான்.”

“முள்ளங்கித் தழ. பாலுல நெடி ஏறிட்ச்சு.”

“யார்ரா சொன்னது? என் மாடு முள்ளங்கியப் பாத்ததுகூட இல்ல. என் பால மட்டும் ஒதுக்கறதுக்குன்னே ஆஸ்பத்திரிக்குப் போயி மூக்க செஞ்சிகினு வந்தியா?”

சத்தம் கேட்டு நாலுபேர் கூடிவிட்டார்கள். மனோகரன் மூடியை அவர் மூக்கருகே நீட்டினான். மதுரைவீரன் முறைத்தார், மோந்தார், மூடியைத் தள்ளிவிட்டார்.

“நேத்து மூணு பாத்தி புடுங்கனோம்,” என்றார் கடைசியில். “வரப்போரம் கொஞ்சம் தழ கெடந்துச்சு.”

கேன் ஓரமாகப் போயிற்று. மனோகரன் நாலாவது மூடியைத் திறந்தான்.